காதில் சொல்ல வேண்டியது

சான் பிரான்சிஸ்கோ
ஏப்ரல் 9, 2018

அன்புள்ள கலோ,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் உன்னை வாயைத் திறக்க விடுவதில்லை, அதனால் இனி முக்கியமான விஷயமெல்லாம் எழுத்தில்தான் என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். ஆனால் நீயும் எழுத வேண்டும். ‘பார்த்தேன்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்பினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ட்ரூடி கெஸ்லர் நேற்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். நம் கம்பெனியை நம்பிப் பணம் போட்டவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் பயந்துபோய் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“உங்க சாஃப்ட்வேரைப் பத்தி யாராச்சும் உன்கிட்ட கத்தியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்லையே. எல்லாரும் அருமைன்னுதான் சொல்றாங்க.”

“அதான் பிரச்சினை. நிஜமா தேவைப்படறவன், ஒரு நாள் அது ஓடலன்னா கத்துவான். உங்களுது நின்னுபோனா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பொருளுக்கும் வாங்கறவனுக்கும் பொருத்தம்னா அது இல்ல ரோவன். மூணு வருஷம் ஆச்சு. அதுல எதையாவது, ஒரே ஒரு மூலையையாவது, யாராச்சும் தினமும் தொடறாங்களா?”

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. “கலோ செஞ்ச ஒரு சின்ன விஷயம் இருக்கு” என்றேன். “ஒரு டீம்ல எல்லாரும் எழுதின புரோகிராமைச் சேக்கும்போது மொத்தமும் உடைஞ்சு நின்னுட்டா, எந்த வரியால உடைஞ்சதுன்னு ஊகிச்சு, அதை எழுதினவங்க காதுல மட்டும் சொல்லும். வேற யாருக்கும் தெரியாது. அதுக்கு ஃபனஃபனான்னு பேரு வெச்சிருக்கா. டோங்கா பாஷையில ரகசியமா காதுல சொல்றது.”

“அப்போ மாளிகையை இடிச்சுட்டு அந்த ஜன்னலை மட்டும் வித்துடு” என்று சொல்லிவிட்டு காபி வரவழைத்தார்.

கோபப்படாதே. இடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நீ சரி என்று சொன்னால்தான் செய்வேன்.

இன்னொன்று. சாக்ரமென்டோவில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி. அங்கே புரோகிராமர்களுக்கு மேனேஜர் டென்னிஸ் பாஜெட் என்பவர். “காதுல சொல்றது சரிப்பா. அதையே எல்லாரும் பாக்கற மாதிரி சுவத்துல பெரிய திரையில போட முடியுமா? யாரு உடைச்சாங்கன்னு?” என்று கேட்டார். சின்ன மாற்றம்தான். முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

ரோவன்


மாங்கெரே, ஆக்லாந்து
ஏப்ரல் 15, 2018

அன்புள்ள ரோவன்,

இடித்துவிடு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த மாளிகைக்குள் ஒருமுறை சுற்றி வந்தேன். எல்லாம் நன்றாகத்தான் கட்டியிருக்கிறோம். குடியிருக்கத்தான் ஆள் இல்லை. அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் ‘என் மகளுக்கு அமெரிக்காவில் கம்பெனி’ என்று சொல்லிவைத்திருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பதை அதே ஆட்கள் காரிலிருந்து பார்த்துக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் அந்தத் திரை வேண்டாம்.

என் முதல் வேலையைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. அங்கே ஏதாவது உடைந்தால் மேலதிகாரி எழுந்து நின்று, “யாரு?” என்று கேட்பார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்ல மாட்டார். யாரும் எதையும் பார்த்துச் சோதிப்பதற்கு முன்னாலேயே தலைகள் என் பக்கம் திரும்பும். அந்த மாடியில் டோங்காக்காரி நான் ஒருத்திதான். பல நாள் நான் உடைத்திருக்கவில்லை. ஆனாலும் என் முகம் சூடாகிவிடும். அந்தச் சூட்டைப் பார்த்து அவர்களும் முடிவு செய்துவிடுவார்கள். ஃபனஃபனாவை அதற்காகத்தான் செய்தேன். ‘யாரு’ என்ற கேள்வி எழுவதற்கு முன்னால் அந்த ஆளுக்கு மட்டும் தெரிய வேண்டும், அவர் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதன் ஊகம் முரட்டு ஊகம். உடைந்த இடத்தைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாக இருந்தால், காதில்தானே சொன்னது, கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சுவரில் போட்டால் அப்படிப் போக முடியாது.

தோட்டத்தில் ஃபெய்ஜோவா பழம் கொட்டிக் கிடக்கிறது. தம்பி விலி வாளி வாளியாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறான். அவர்களும் வாளி வாளியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
கலோ


சான் பிரான்சிஸ்கோ
மே 20, 2018

அன்புள்ள கலோ,

உன் பேச்சைக் கேட்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையைச் செய்துகொடுத்துவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் நடந்ததைப் படி.

சாக்ரமென்டோவுக்கு நானே போனேன். பெரிய கூடம், நீளமான மேசைகள், சுவரில் நம் திரை. உடைந்தால் சிவப்பு, அதன் நடுவே பெயர். நான் இருக்கும்போதே ஒருமுறை சிவந்தது. எல்லோரும் “ஓ...” என்று இழுத்தார்கள். டென்னிஸ் ஒரு ரப்பர் கோழியை எடுத்துப்போய்ப் பெயர் வந்தவரின் மேசையில் வைத்தார். அடுத்து யார் பெயர் வருகிறதோ அவர் மேசைக்கு அது போகுமாம். அன்றைக்கு மெர்லின் பாக்ஸ்டர் என்ற பெண். நாற்பது வயதிருக்கும். விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார், சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலையே டென்னிஸ் கம்பெனி முழுவதற்குமாகக் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. அவருடைய சிநேகிதர்கள், வேறு கம்பெனி மேனேஜர்கள், அவர்களே கூப்பிடுகிறார்கள். நான் யாரையும் கெஞ்சவில்லை கலோ. போன வியாழக்கிழமை கொஞ்ச நேரம் திரை ஓடாமல் நின்றது. ஒருத்தர் போனில், “என்னய்யா கம்பெனி நடத்தறீங்க, இங்க யாரு என்ன பண்றாங்கன்னே தெரியல” என்று கத்தினார். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் நின்றேன். மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தர் நம்மிடம் கத்துகிறார்.

புதிதாக ஆட்கள் எடுக்கப்போகிறேன். ஊகத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். உதவி கேட்டு வரும் அழைப்புகளை அதுவரை நீ பார்த்துக்கொள்வாயா?

கொஞ்சம் சந்தோஷப்படு.

ரோவன்


மாங்கெரே
ஜூன் 17, 2018

அன்புள்ள ரோவன்,

சந்தோஷப்பட முயற்சி செய்தேன். அம்மாவிடம் சொன்னேன், அவள் லூ சமைத்து அக்கம்பக்கத்தவர்களைக் கூப்பிட்டுவிட்டாள். ஆட்டிறைச்சியும் சேப்பங்கிழங்கு இலையும் தேங்காய்ப்பாலும் வீடு முழுக்க மணந்தன. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. மெதுவான குரல்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. உங்க ஃபனஃபனா, யாரு உடைச்சாங்கன்னு எப்படி முடிவு பண்ணுது?”

“உங்களுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க” என்றேன்.

“அந்த இடத்துல நான் வரிகளுக்கு நடுவுல இருந்த இடைவெளியை மட்டும்தான் ஒழுங்குபடுத்தினேன். ஒரு எழுத்தைக்கூட மாத்தல. ஆனா என் பேருதான் வருது. திரும்பத் திரும்ப வருது. எனக்குப் புரியாம நான் ஏதோ தப்பு பண்றேன்னு தோணுது. அதான், அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நான் என்னைத் திருத்திக்கலாம்னு...”

ரோவன், அவர் புகார் சொல்லவில்லை. நம் கருவியை அவர் சந்தேகிக்கவே இல்லை. தன்னைத்தான் சந்தேகித்தார். பெயர் கேட்டேன். மெர்லின் பாக்ஸ்டர்.

பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுத் தோண்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உடைத்தது வேறொருவர், அதற்கு முந்தின நாளே உடைத்துவிட்டிருந்தார். மெர்லின் அந்தப் பக்கத்தைக் கடைசியாகத் தொட்டார், அவ்வளவுதான். நீ அங்கே போயிருந்த நாளில் வந்ததும் இதே மாதிரிதான்.

நீ இருந்தாய். பார்த்தாய். உனக்குத் தெரியவில்லையா?

அவர் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். எப்படிச் சிரித்தார்?

கலோ


சான் பிரான்சிஸ்கோ
ஜூன் 24, 2018

கலோ,

இதை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

தெரியும். கோழியை வைத்த கொஞ்ச நேரம் கழித்து அவர் நடைபாதையில் என்னிடம் வந்தார். கையில் மடிக்கணினி. “நீங்கதானே இதைச் செஞ்சவர்? இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?” என்று திறந்து காட்டினார். ஒரு பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இடைவெளிகள்தான். நம் ஊகம் தப்பு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டென்னிஸ் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு, வா என்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

“பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

அதுதான் நான் சொன்ன வார்த்தை. பொய்யும் இல்லை பார். அவர், “சரி... நான் இன்னொரு தடவை பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினார். காது மடலெல்லாம் சிவந்திருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன், டென்னிஸ் கோழியைப் பற்றி ஏதோ ஜோக் அடித்தார், நான் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

எப்படிச் சிரித்தார் என்று கேட்டாய். உதடு மட்டும். பல் தெரியவில்லை.

உன் முதல் வேலையைப் பற்றி நீ எழுதிய கடிதம் அப்போது என் பைக்குள் இல்லை, ஆனால் தலைக்குள் இருந்தது. அது இருந்தும்தான் செய்தேன். உன்னிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கலோ, திரையை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதே. இவர்கள் வாங்குவதே திரையைத்தான். புதிதாக மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியின் கணவர் இங்கே வருவதற்காக வேலையை விட்டிருக்கிறார். கொஞ்சம் அவகாசம் கொடு. ஊகத்தை முதலில் சரிசெய்யலாம்.

ரோவன்


மாங்கெரே
ஜூலை 8, 2018

ரோவன்,

மெர்லினைக் கூப்பிட்டேன். தப்பு உங்களுடையது இல்லை, எங்களுடையது என்று சொல்வதற்காக. வேறொருவர் எடுத்தார். “மெர்லினா? அவங்க போயிட்டாங்களே. வேலை ஒத்துவரலன்னு சொல்லிட்டு அவங்களே நின்னுட்டாங்க. நல்லா எழுதுவாங்க, திடீர்னு தடுமாற ஆரம்பிச்சுட்டாங்க” என்றார்.

நான் திரும்பக் கூப்பிடப் பல நாள் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் அந்த முரட்டு ஊகத்தை எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். சரியாக எழுத எனக்குத் தெரியும். காதில்தானே சொல்லப்போகிறது, இது போதும் என்று விட்டுவைத்தேன்.

திரையை நேற்று நான் நிறுத்திவிட்டேன். எல்லாக் கம்பெனிகளிலும். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ பேசி என்னை மாற்றியிருப்பாய். திரும்பப் போட வேண்டுமானால் உனக்கு வழி தெரியும். நான் தடுக்க மாட்டேன்.

திட்டு. உனக்கு உரிமை உண்டு.

கலோ


சான் பிரான்சிஸ்கோ
ஆகஸ்ட் 26, 2018

அன்புள்ள கலோ,

ஏழு வாரமாக உனக்கு எழுதவில்லை. திட்டி எழுதியதையெல்லாம் அனுப்பாமல் அழித்துவிட்டேன். திரையைத் திரும்பப் போடுவதற்கும் ஒரு தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. வீரம் ஒன்றுமில்லை, உன் கடிதம் கணினியில் பக்கத்து ஜன்னலில் திறந்திருந்தது, அதனால்தான்.

டென்னிஸ் விலகிவிட்டார். அவர் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ட்ரூடி போன் எடுப்பதை நிறுத்தினார். கம்பெனியை மூடும் காகிதங்களை எப்படி எழுதுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. மேனேஜர்கள் போன பிறகும் ஃபனஃபனாவை உபயோகிப்பவர்கள் குறையவில்லை. கூடிக்கொண்டே போனார்கள். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டென்னிஸின் கம்பெனியில் ஒரு பையனைப் பிடித்து டாகோ வாங்கிக்கொடுத்துக் கேட்டேன்.

“நீங்க அந்தத் திரையை வெச்ச அன்னிலேர்ந்து நாங்க எல்லாரும் ஒரு காரியம் பண்ண ஆரம்பிச்சோம்” என்றான். “எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி, எங்க மெஷின்லயே ஃபனஃபனாகிட்ட ரகசியமா கேட்டுடுவோம். இது உடைக்குமா, என் பேரு வருமான்னு. அது ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னாத்தான் அனுப்புவோம்.”

“இப்பதான் திரை இல்லையே?”

“இல்லதான். ஆனா பழகிடுச்சு. டென்னிஸுக்குத் தெரியாது, எங்க கைக்காசுலதான் கட்டறோம். வேற வேலைக்குப் போனவங்க அங்கயும் கொண்டுபோயிட்டாங்க. அவங்க சொல்லி இன்னும் நாலு பேரு.”

அவன் சொன்னது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. ட்ரூடியிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். “இதான்டா பொருத்தம். நீ எதுவும் தள்ள வேண்டாம், அதுவா இழுத்துட்டுப் போகுது” என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

நானும் கலங்கியிருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம் தேடிய பொருத்தத்தை நாம் கண்டுபிடிக்கவில்லை கலோ. அவர்களைப் பயமுறுத்தினோம், பயந்தவர்கள் ஓடிவந்து நம்மிடமே ஒளிந்துகொண்டார்கள்.

அக்டோபரில் புரோகிராமர்கள் கூடும் பெரிய மாநாடு. எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மேடையில் பேசச் சொல்கிறார் ட்ரூடி. என்ன பேச?

ரோவன்


மாங்கெரே
செப்டம்பர் 9, 2018

அன்புள்ள ரோவன்,

நீ திரையைத் திரும்பப் போடவில்லை என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

ஊகத்தை முழுக்கத் திருப்பி எழுதிவிட்டேன். இப்போது தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்கிறது. விலிக்குக் காட்டினேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன் அவன், இதெல்லாம் அவனுக்குப் புரியாது. “இதைச் சொல்றதுக்கா உனக்கு இத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்டான்.

என்ன பேச என்று கேட்டிருக்கிறாய். நடந்ததைப் பேசு. அவர் பெயர் வேண்டாம். அவரிடம் கேட்காமல் பெயரைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு பெண் இருந்தாள், நாங்கள் தப்பாகக் காட்டினோம், எனக்கு அது தெரிந்திருந்தது என்று சொல். அவ்வளவு போதும். அங்கே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு மேனேஜர் ரப்பர் கோழியைத் தூக்கிப்போடுவார்.

என் பங்கையும் சேர்த்துச் சொல்.

கலோ


சான் பிரான்சிஸ்கோ
அக்டோபர் 21, 2018

அன்புள்ள கலோ,

வீடியோவைப் பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் பார்க்காதே.

எழுதி வைத்திருந்தேன். சட்டைப் பையில் காகிதம் இருந்தது. மாளிகையை இடித்த கதை வரைக்கும் சொன்னேன், சிரித்தார்கள். அடுத்தது அந்தப் பெண். வாயைத் திறந்தேன். “அப்புறம் நாங்க உபயோகிக்கறவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்க ஆரம்பிச்சோம்” என்று வந்தது. கை தட்டினார்கள். அதற்கப்புறம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உன் பெயரைச் சொன்னேன், நல்ல விதமாக மட்டும்.

இறங்கியதும் கை குலுக்க வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் அவர் வந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்.

“நல்லா பேசினீங்க” என்றார்.

“மெர்லின்” என்றேன்.

“பேரு ஞாபகம் இருக்கா? பரவாயில்லையே.” குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நான் இப்ப சான் ஹோசேல இருக்கேன். ஆஸ்பத்திரிங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதறோம். அங்க ஃபனஃபனாவை எல்லாருக்கும் சொல்லிக்குடுத்ததே நான்தான்.”

“நீங்களா? ஏன்?”

“ஏன்னா அதைக் கேக்காம என்னால எதையும் அனுப்ப முடியல. ஒரே ஒரு வரி மாத்தினாலும் கேட்டுடறேன். சில நாள் ரெண்டு தடவை கேக்கறேன்.” கொஞ்சம் சிரித்தார். “முன்னாடி நான் இப்படி இல்ல. எத்தனையோ வருஷம் யாரையும் கேக்காமத்தான் எழுதிட்டிருந்தேன். அது இல்லாம முன்னாடி எப்படி வேலை பாத்தேன்னே இப்ப தெரியல.”

பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவர் காத்திருந்தாரோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

நான் அவரிடம் சொன்னது, “ரொம்ப நன்றி.”

எல்லோரிடமும் சொன்ன அதே நன்றி. கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

என்னை என்ன செய்யலாம், சொல்.

ரோவன்


மாங்கெரே
நவம்பர் 4, 2018

அன்புள்ள ரோவன்,

இந்த மாதக் கடைசியோடு நான் விலகிக்கொள்கிறேன். வேலையை யாருக்கு எப்படி மாற்றித் தருவது என்று புதிதாக வந்தவர்களோடு பேசத் தொடங்கிவிட்டேன். நல்ல பிள்ளைகள், சமாளிப்பார்கள். மெர்லினின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். என் பங்கை அவரிடம் நானே சொல்லப்போகிறேன், கம்பெனியின் சார்பில் இல்லை. உன் பங்கு உன்னுடையது. அதை நான் எடுத்துப்போக முடியாது.

கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா என்று அம்மா கேட்கிறாள். வரச்சொல்லி எழுது என்று பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

நீ மேடையில் சொல்லாமல் விட்டதற்காக நான் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். ‘அதைக் கேக்காம என்னால எதையும் அனுப்ப முடியல’ என்று மெர்லின் சொன்ன இடம் வந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு மூச்சு நேரம்தான். நான் செய்த ஒன்று இல்லாமல் ஒருத்தியால் முடியவில்லை என்கிற சந்தோஷம். வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது, நான் எழுந்திருக்கவில்லை.

முதலில் சந்தோஷம், பிறகு வெட்கம் என்கிற அந்த வரிசை எனக்குப் பயமாக இருக்கிறது ரோவன். கம்பெனியிலேயே இருந்தால் கொஞ்ச நாளில் இரண்டாவது வராமலே போய்விடும்.

கலோலைனி